ஒன்பது கேள்வி சுலோசனா

கதவைத் தட்டமாட்டார் சுலோசனா. வாசலில் நின்று இரண்டு முறை கை தட்டுவார். முன்பெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஒரு வீட்டுக்குள் நுழைவாராம். கொரோனா வந்த புதிதில் ஒரு வாசலில் அப்படிச் செருமியபோது உள்ளே இருந்தவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து கைதட்டல்தான். "யாரு?" என்று குரல் வந்தால், "நான்தாம்மா, ஒம்போது கேள்வி" என்பார்.

ஆந்திரத்துப் புத்தூரைச் சுற்றியுள்ள தமிழ் பேசும் ஊர்களில் அவருக்கு அதுதான் பெயர். வயது நாற்பத்தாறு. திருப்பதியில் ஒரு கல்லூரி நடத்தும் கணக்கெடுப்பில் வேலை. நோய் வருவதற்கு முந்தைய வருடம் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை அதே முந்நூறு வீடுகளுக்குப் போய், பதினெட்டு வயது தாண்டியவர்களிடம் அதே ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும். மனச்சோர்வு யாருக்குக் கூடியிருக்கிறது, யாருக்குக் குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

தாளில் உள்ளபடி கேட்டால் யாருக்கும் புரியாது. "செயல்களில் ஈடுபாடு குறைந்துள்ளதா?" என்பதை, "டிவில சிரிப்பு வந்தா உனுக்கு சிரிப்பு வருதா?" என்று கேட்பார். பசியைப் பற்றிய கேள்வி, "துன்னது எறங்குதா?" என்று ஆகிவிடும். ஒன்பதாவது, உயிரோடு இருப்பதைப் பற்றியது. அதை மட்டும் மாற்றமாட்டார். தாளைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

"கெழவங்கதான் ஒடிஞ்சி போவாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார், அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம். "அவுங்க, எமன் வந்தா வரட்டும்னு வெத்தல போட்டுக்கினு கீறாங்க. வயசுப் பசங்கதான் செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துடுச்சிங்க. பொம்பளப் பசங்க இன்னும் மோசம்." கல்லூரியில் திரையில் போட்டுக் காட்டிய வரைபடமும் அதையேதான் சொன்னதாம். இளையவர்களின் கோடு மேலே ஏறியிருந்தது. அதிலும் பெண்களுடையது செங்குத்தாக நின்றது. முதியவர்களுடையது பெரிதாக அசையவில்லை.

அந்தக் கோட்டில் சேராத ஒரு பெண் உண்டு. கன்னிகா. இருபத்திரண்டு வயது. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, விடுதியில் தங்கியிருந்தவள். ஊரடங்கில் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் சுற்றில் சுலோசனா போனபோது பக்கத்தில் அவள் அம்மா ரத்தினம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அவளுக்கு இன்னாமா கொற? நல்லா துன்னுக்கினு தூங்கிக்கினு கீறா." ஒன்பதாவது கேள்விக்கு ரத்தினம்மா, "ஐயே, இன்னா பேச்சு இது!" என்று அதட்டினார். கன்னிகா பாயின் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே, "அதெல்லாம் இல்லக்கா" என்றாள்.

சுலோசனா ஒன்பது கேள்விக்கும் சுழியம் போட்டார். குறை எதுவும் இல்லை என்று பொருள். பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

தாளைத் திருத்த முடியுமா என்று சுலோசனா கல்லூரியில் கேட்டிருக்கிறார். சொன்னதைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். ஆகவே அந்தத் தாளில் கன்னிகா இன்றும் நலமாக இருக்கிறாள். ரத்தினம்மா ஒருமுறை சந்தையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுந்து அந்தாண்ட போயிருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பாளாமா?" என்று கேட்டாராம். "இன்னா சொன்னீங்க?" என்றேன். "கையப் புடிச்சிக்கினேன் சார்."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் மற்றவர்களை அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார். மருமகளிடம் கேட்க வேண்டுமானால் மாமியாரிடம் தண்ணீர் கேட்பார். தண்ணீர் வந்தால் மோர் கேட்பார். மோரும் வந்துவிட்டால், "குடை கொண்டாரல, பக்கத்து ஊட்ல வாங்கித் தாங்க" என்பார். கன்னிகாவின் தெரு வழியாக மட்டும் போவதில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார். மதியம் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை நாய்க்கு வைத்துவிடுகிறார்.

நான் உடன் போன நாளில், காலை எட்டரைக்குத் தங்கவேலுவின் வீட்டு வாசலில் கை தட்டினார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டியவர் தங்கவேலு. வேலை போய் இரண்டு வருடம். அவர் மனைவி சுந்தரம்மா, "அவுருக்கு ஒண்ணும் இல்லமா, படுத்துக் கெடந்தே பழகிட்டாரு" என்றார். தங்கவேலுவும் சிரித்து, "ஆம்பளைக்கு இன்னாமா கேள்வி?" என்றார். சுலோசனா சுந்தரம்மாவை மோர் கடைய அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களயும்தான் சார். அந்தாண்ட போங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் நின்றேன். பேச்சு காதில் விழவில்லை. அரைமணி நேரம் கழித்துத் தங்கவேலு தோள் குலுங்க அழுவது தெரிந்தது. மோர்ச்செம்போடு வந்த சுந்தரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார் தங்கவேலு.

"நாளைக்கி இல்லண்ணா. சட்டையப் போட்டுக்கோ. நானும் வரேன்."

திருப்பதிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். புருஷனும் பெண்சாதியும் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். சுலோசனா எதிர்ப்பக்கம் என்னருகில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்கும் வரிசையில் அவரே நின்றார்.

"பேரு செப்பண்டி" என்று தெலுங்கில் பேர் கேட்டார் ஜன்னலில் இருந்தவர்.

"தங்கவேலு. அம்பத்திரெண்டு."

சீட்டு வந்தது. வாங்கிச் சுந்தரம்மாவிடம் கொடுத்தார். பின்னால் நின்றவர் முன்னே நகர்ந்தார். சுலோசனா ஜன்னலை விட்டு விலகவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, கம்பிக்குள் மறுபடியும் கையை நீட்டினார்.

"இன்னொண்ணு போடுங்க. சுலோசனா. நாப்பத்தாறு."