சர்வர் என்னை உள்ளே விடாத மூன்று நாள்

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்தேன். தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர்களைக் கிராணி என்பார்கள். அங்கே நாங்கள் இரண்டு பேர். மற்றவன் என் சிநேகிதன். பதினோரு வருஷம் ஒரே மேசையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். என் வீட்டுக் கருவாட்டில் பாதி அவனுக்கு, அவன் வீட்டுப் பலாக்காய்க் கறியில் பாதி எனக்கு.

கம்பனி எங்களுக்கு இரண்டு கம்ப்யூட்டர் தந்தது. ஒன்று சர்வர். அது அவனுடைய அறையில் இருந்தது. கொழும்பில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவன் என்பதால் அவன்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். மற்றது என் மேசையில். தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் சர்வரில் ஒரே கோப்புறையில் கிடக்கும். கம்பி வழியாக நானும் திறப்பேன். எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கடிதம் என்று எதையும் எழுதமாட்டோம். பழையதொன்றைத் திறந்து, பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவோம். எங்கள் ஆங்கிலத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

அந்த வருஷம் சித்திரைப் புதுவருடத்தோடு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளியது. லீவு முடிந்து வந்த முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பினேன், கைக்கடிகாரத்தைத் திருப்பினேன், கம்ப்யூட்டரின் மூலையில் ஓடும் நேரத்தையும் திருப்பினேன். நாட்டுக்கு என்னால் ஆனது.

பிறகு கடிதக் கோப்புறையைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், அனுமதி உண்டா என்று அறிய அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும் என்றது. அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. அதைப் படிக்கும் நிலையில் நான் இல்லை.

காரணம் இருந்தது. எங்கள் இருவரில் ஒருவரைக் கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றப் போவதாகப் புதுவருடத்துக்கு முன்பே பேச்சு. மகளுக்கு அந்த வருஷம் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை. போனால் வீட்டையும் விட வேண்டும், அவள் பள்ளிக்கூடத்தையும் மாற்ற வேண்டும். 'ஆளைத் தூக்கிவிட்டார்கள், மெஷினுக்கு முதலில் தெரிந்துவிட்டது' என்றுதான் என் புத்தி போனது.

அவனுடைய அறைக்கு ஓடினேன்.

"மச்சான், என்னைய உள்ள விட மாட்டேங்குது."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "லைன்ல ஏதாச்சும் இருக்கும். கொழும்புல இருந்து ஆள் வருவாங்க. ரெண்டு நாள் பொறு."

"அனுமதி இல்லேங்குது மச்சான்!"

"கமக் நே, பரவாயில்ல. லெட்டர் ஏதாச்சும் வேணும்னா சொல்லு, நான் அடிச்சுத் தாறேன்."

பதினோரு வருஷத்தில் அவன் என் வேலையைச் செய்து தருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் சந்தேகப்படாத நான், கம்பியின் மேல் சந்தேகப்பட்டேன். அதைப் பிடுங்கி ஊதினேன். திருப்பிச் செருகினேன். மெஷினை ஒன்பது தடவை அணைத்து ஏற்றினேன். மறுநாள் மனைவி தந்த விபூதியைத் திரையில் பூசினேன். அனுமதி இல்லை என்ற எழுத்து விபூதிக்குப் பின்னால் இன்னும் பக்தியோடு தெரிந்தது. மூன்றாம் நாள் காலை தபால்காரன், காவல்காரன் எல்லாரும் பார்க்க அவனுடைய அறை வாசலில் நின்று கத்தினேன்.

"நீதானே என் பேரை வெட்டுன? சொல்லு!"

"பைத்தியமா ஒனக்கு? ஆளுங்க பாக்கிறாங்க, போய் உக்காரு!"

வெட்கத்தோடு வந்து உட்கார்ந்து, கொழும்பு அலுவலகத்துக்கு நானே போன் எடுத்தேன். ஒரு சிங்களப் பிள்ளை பேசியது. பெட்டியில் இருப்பதை வாசிக்கச் சொன்னது. வாசித்தேன். "கடைசி வரியையும் வாசிங்க மாத்தயா" என்றது சிங்களத்தில். மூன்று நாளில் முதல் தடவையாகக் கடைசி வரிக்குப் போனேன். உங்கள் மெஷினுக்கும் சர்வருக்கும் நேரம் வித்தியாசப்படுகிறது என்று அது பணிவோடு சொல்லிக்கொண்டிருந்தது.

சர்வரின் நேரத்தை யாரும் தொடவில்லை. அது பழைய நேரத்திலேயே ஓடியது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்படும் ஆளை அது நம்பாதாம். நான் அரை மணி வித்தியாசப்பட்டிருந்தேன். மூலையில் இருந்த நேரத்தைப் பழையபடி முன்னால் தள்ளினேன். கோப்புறை திறந்துகொண்டது.

அவனிடம் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் புதுக் கடிதம் ஒன்று என் பெயரில் இருப்பதைப் பார்த்தேன்.

திறந்தேன். தோட்டத்து மேனேஜரான துரை கொழும்புக்கு எழுதுவதாக இருந்தது. என்னைக் கொடகவெலவுக்கு மாற்றலாம், நான் பெருமகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறேன் என்றது. அந்தப் பெருமகிழ்ச்சி எனக்குத் தெரிந்ததுதான். வேறு தோட்டத்துக்குப் போக ஒத்துக்கொண்ட ஒரு காவல்காரருக்காக வருஷங்களுக்கு முன் நான் அடித்த கடிதம் அது. கேலியாக அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். கோப்பின் விவரத்தைத் திறந்தால் எழுதியவர் என்ற இடத்தில் இன்னும் என் பெயர். அவன் காவல்காரரை எடுத்துவிட்டு என்னை வைத்திருந்தான்.

அச்செடுத்து அவன் மேசையில் வைத்தேன்.

"தொர கையெழுத்துப் போட்டாச்சு. முந்தாநாள் தபால்ல போயிருச்சு" என்றான்.

முந்தாநாள் நான் கம்பியை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நான் எப்ப சம்மதிச்சேன்?"

"நீ எங்க போனாலும் சிரிச்சிக்கிட்டு இருப்ப மச்சான். நான் அப்பிடி இல்ல. அதான்…"

பகல் சோற்றுக்கு அவன் பொட்டலத்தைத் தன் அறையிலேயே பிரித்தான். கருவாடு முழுவதையும் நானே தின்றேன்.

துரையிடம் போய்ச் சொன்னேன். "சம்மதம்னு எழுதியிருக்கே" என்றார். எழுதியவர் பெயரைக் காட்டினால் அதுவும் நான்தான். மகளைத் தெஹியோவிட்டவில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டுக் கொடகவெலவுக்கு பஸ் ஏறினேன்.

அவனுடைய அறையில் மின்விசிறி இல்லை. என் மேசைக்கு மேலே இருந்தது. நான் போனதும் அவன் அங்கே வந்து உட்காருவான் என்று தெரியும். அதனால் புறப்படும் நாளில் மேசைச் சாவியைக் கொடுப்பதற்கு முன், என் மெஷினின் நேரத்தை மறுபடியும் அரை மணி பின்னால் தள்ளிவைத்திருந்தேன். கடைசி வரியைப் பற்றி அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் போன் வந்தது.

"மச்சான், எனக்கு அனுமதி இல்லேங்குது. நீ எப்பிடித் தொறந்த?"

"அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேக்கச் சொல்லுதா?"

"ஆமா."

"அப்பக் கேளு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். நல்ல பகிடி. அன்று முழுவதும் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. என் பகிடிகளைப் பதினோரு வருஷம் கேட்டுச் சிரித்த ஆள்தான் அந்தப் பக்கத்தில் போனைப் பிடித்திருந்தவன்.