முகம் உதிர்ந்த கண்ணன்

இந்த மலையின் ஈரத்தில் தீப்பெட்டியை அடுப்போரம் வைத்துச் சூடேற்றினால்தான் குச்சி பற்றும். போடியிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் மாநிலம் வேறு, காற்று வேறு. எழுபதுகளின் கடைசியில் ஏலத்தோட்டத்து வேலைக்கு நான் மலையேறியபோது, என் மனைவி பேச்சியம்மாள் பிறந்த வீட்டுச் சீராக வந்த தஞ்சாவூர்ப் படத்தையும் கொண்டுவந்தாள். வெண்ணெய்த் தாழியோடு கண்ணன். தங்க ரேக்கு, கண்ணாடிக் கற்கள். சிலமலையில் அவள் ஆத்தா தினமும் கும்பிட்ட படம். அங்கே ஒரு கீறல் விழவில்லை. இங்கே இரண்டாவது ஆடி மழையில் ரேக்குக்கு அடியிலிருந்த சுண்ணப்பூச்சு ஊறிப் புடைத்தது.

ஈரம் என்றால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் ஸ்டோர் அறைக்குச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். "நெறம் போயிருமா?" என்று அங்கிருந்த மலையாளியிடம் கேட்டேன். சாக்கை ஏறிட்டும் பார்க்காமல், "நெறம் போகில்லா சாரே, நல்ல பச்சையாயிட்டு கிட்டும்" என்றார். அவருக்கு நிறமென்றால் ஏலக்காயின் பச்சை. அது புரிந்தும் படத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கண்ணனின் முகம் சில்லுச் சில்லாகச் சட்டத்துக்குள் உதிர்ந்து கிடந்தது.

போடியில் சாமி படம் எழுதுகிறவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொகத்தப் புதுசா எழுதிரலாம். ஆனா மறுபடி மேல கொண்டு போகாதீக. காஞ்ச செவருல கெடக்கணும்."

சிலமலைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். "பழைய எடத்துலயே மாட்டிக்கண்ணே. வர்றப்பக் கும்பிட்டுக்கிறேன்" என்றாள் பேச்சியம்மாள்.

அண்ணன் படத்தைத் தொடவில்லை. "மக கல்யாணத்த வச்சுக்கிட்டு, மூஞ்சியில்லாத சாமிய வீட்டுக்குள்ள விடச் சொல்றியா?"

"எழுதுனா மொகம் வந்துரும்ணே."

"குடுத்தது குடுத்ததுதான் தாயி. அங்க கெட்டது அங்கயே கெடக்கட்டும். மாப்ளே, வெரசாக் கெளம்புங்க, பஸ்சு போயிரும்."

'அங்கயே கெடக்கட்டும்' என்று படத்தைத்தான் சொன்னார் என வழியில் சமாதானம் சொன்னேன். "ஆமா, படத்தத்தான்" என்றாள்.

உடைந்து பின்னமான சாமி படத்தை வீட்டில் வைக்காமல் மரத்தடியில் விடுவது எங்கள் வழக்கம். மாநில எல்லையான போடிமெட்டில், செக்போஸ்டுக்குச் சற்று முன்னால், ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் படத்தோடு இறங்கினாள். ஒரு மரத்தில் சாய்த்து, முதலில் போடியைப் பார்க்க வைத்தாள். ஏதோ நினைத்து எடுத்து, எங்கள் தோட்டம் இருக்கும் திசைக்குத் திருப்பினாள். கடைசியில் இரண்டும் வேண்டாமென்று மல்லாக்கக் கிடத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.