உற்சவத்துக்கு நாள் குறுக்கே வராத பத்மா

1. வெள்ளைக் கட்டி

கல்லீரலில் கட்டி என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து மருமகள் பத்மாவை அழைத்து வந்திருந்த மாமியாரும் கேட்டார்.

"கேன்சரா, டாக்டர்?"

"இல்லம்மா. ஹிமாஞ்சியோமா. ரத்தக்குழாய் சுருண்டு கிடக்கிற சாதாரணக் கட்டி. அது பாட்டுக்கு இருக்கும்."

தில்லைநகரில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்த எனக்கு இந்த வசனம் மனப்பாடம். அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக, உருண்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். அபூர்வமாக அடினோமாவும் அப்படித் தெரியும். அதுவும் கேன்சர் இல்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரையால் வளரும், திடீரென்று உள்ளே ரத்தம் கசியும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடமைக்குக் கேட்டேன். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மாமியார் முந்திக்கொண்டார். "தலைவலிக்குக்கூடப் போட்டுக்க மாட்டா. சீக்கிரம் அனுப்புங்கோ, உற்சவம் வரது. ஆத்துல தளிகை, சமையல் முழுக்க இவதான். எத்தனை உற்சவம் வந்தாலும் இவளுக்கு நாள் குறுக்கே வந்ததே இல்லை. பெருமாள் கிருபை."

பத்மா கூரையைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு, சி.டி. தேவையில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன்.

2. அடுப்படியில்

உற்சவத்தின் நடுவில், சமைத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி சி.டி.யில் அது அடினோமா, கட்டிக்குள் ரத்தம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்து, என் டாக்டர் நண்பர் ஒருவர் அவளைக் காப்பாற்றினார்.

"ஹிமாஞ்சியோமான்னு எந்த ஜோசியர்யா எழுதினது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

தேறியபின், என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று பத்மாவைத் தனியாகக் கேட்டேன்.

"நாள் தள்ளிப்போடற மாத்திரை, டாக்டர். கடையில வாங்கிப்பேன். ஸ்ரீரங்கத்துல உற்சவம் இல்லாத மாசம் ஏது? வருஷக்கணக்கா அப்படித்தான். அதெல்லாம் மருந்தா?"

மாதவிடாயைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரை ஹார்மோன்தான்.

"அன்னிக்கே சி.டி. எடுத்திருக்கணும்மா. தப்பு என்னோடது."

"மாமியார்தான் சொன்னாளே, நாள் குறுக்கே வராதுன்னு. நீங்க தலையாட்டினேள்."

ஓய்வுபெற்ற பிறகும் அந்தத் தலையாட்டல் என்னை உறுத்துகிறது.

ஸ்கேன் பழகும் இளைய டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். வெள்ளைக் கட்டி தெரிந்தால், கூட வந்தவரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, மருந்தைப் பற்றி மட்டுமல்ல, பண்டிகையைப் பற்றியும் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்தியபின் கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஸ்கேனுக்கும் மாமியார்தான் அழைத்து வந்தார்.

"இப்பல்லாம் நாள் வந்தா இவ ஒதுங்கி உட்கார்ந்துடறா, டாக்டர். தளிகை நான்தான். குழம்பெல்லாம் ஒரே உப்பு. பெருமாள் ஒண்ணும் சொல்லலே. என் பிள்ளைதான் மூஞ்சியைத் தூக்கிண்டிருக்கான்."

இந்த முறை மானிட்டரை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.