அண்ணன் பெயரைச் சொல்லாமல்

எங்கள் பக்கம் ஒரு பெண் புது இடத்துக்குப் போனால் தன் பெயரைச் சொல்வதில்லை. இன்னார் மகள், இன்னார் தங்கச்சி என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனாலேயே இரண்டு வக்கீல்களிடம் காரியம் கெட்டது.

எனக்கு ஒரே மகள். வயது இருபத்தாறு, மனது ஆறு வயதுப் பிள்ளைக்கு உள்ளது. கணவர் இல்லை. டவுணில் என் பேரில் ஒரு சின்ன வீடு உண்டு. எனக்குப் பிறகு அந்த வீடு அவளுக்கே பயன்பட வேண்டும். அதற்கு, பொறுப்பாளர்கள் இருந்து அவளுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு டிரஸ்ட் எழுதி வைக்கலாம் என்று அவளுடைய சிறப்புப் பள்ளி டீச்சர் சொன்னார். அண்ணன் சொன்ன வழி வேறு.

"வீட்ட எம் மவன் பேருக்கு எழுதிரு. அவன் அவளப் பாத்துக்கிடுவான்."

பார்க்காவிட்டால்? எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

டவுண் வக்கீல், "அவரு தங்கச்சியா! உக்காருங்கம்மா" என்று டீ வாங்கித் தந்தார். நான் வீடு திரும்புவதற்குள் வாசலில் அண்ணனின் பைக் நின்றது. பாளையங்கோட்டை வக்கீல் அந்த அளவுக்குக்கூடப் பொறுக்கவில்லை. என் எதிரிலேயே போனை எடுத்தார். "அண்ணாச்சி, தங்கச்சி இங்கன வந்திருக்கு. என்னமோ டிரஸ்டுங்கு..."

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து கத்தினார். "ஏட்டி, டிரஸ்டெல்லாம் காலேஜ் கட்டுதவன் வைக்கது. ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"பயந்தான் அண்ணே. அதுக்குத்தான் எழுதுதேன்."

மறுவாரம் சேரன்மகாதேவிக்கு பஸ் ஏறினேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. பையில் வீட்டுப் பத்திரம், பட்டா, மகளின் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் இளம் பெண் வக்கீல் இருந்தார். "அக்கா, நீங்க யாரு?" என்றார். அண்ணன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன். மொட்டையாகச் சொன்னபோது வேறு யாருடைய பெயரோ போல இருந்தது.

"எங்கண்ணன் கையெழுத்து வேணுமாம்மா?"

"வீடு யாரு பேர்ல இருக்கு?"

"எம் பேர்ல."

"பொறவு அவரு எதுக்குக்கா?"

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. என் நாத்தனாரையும் பள்ளி டீச்சரையும் பொறுப்பாளர்களாகப் போட்டோம். அவர்களே வீட்டை விற்றுவிட்டால் என்று மூன்று தடவை கேட்டேன். மகள் உயிரோடு இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று வக்கீல் ஒரு வரி சேர்த்தார். அதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

பதிவுக்கு முந்தின நாள் நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை எந்த வக்கீலும் முந்திக்கொள்ள வேண்டாம்.

"யாரக் கேட்டு எழுதுத?"

"யாரையும் கேக்கல."

"எம் பேரு அதுல இருக்கா, இல்லியா?"

"இல்ல. சாட்சிக்கு ஒரு ஆளு குறையுது. வாரியளா?"

போனை வைத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "யாரும் கட்டாயப்படுத்தி எழுதலியே?"

"வேற ஆளுக்கு எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துனாவ சார். நான் எழுதல. இது நானா எழுதுதது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் விடாமல் கையெழுத்துப் போட்டேன்.