நிலா வண்டிக்கு வெட்டிய கேக்

அந்தக் கேக்குக்கு எட்டுச் சக்கரங்கள் இருந்தன. பக்கத்துக்கு நான்காக வட்டப் பிஸ்கட்டுகளைச் சீனிப்பாகில் ஒட்டியிருந்தார் அக்கா. மேலே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளால் ஒரு மூடி. கோயிலடியிலிருந்து கந்தோர்வரை அந்தத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்திறங்கியவரைப் பார்த்துக் காவலாளி எழுந்தே நின்றுவிட்டான். எழுபத்தோராம் ஆண்டு மார்ச் மாதம். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கந்தோரில் நாங்கள் இருவரும் தட்டச்சாளர்கள். எனக்கு இருபத்துநான்கு வயது, சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கந்தோரே அவரை அக்கா என்றுதான் அழைத்தது.

முந்திய நவம்பரில் ரஷ்யர்கள் நிலவில் ஓர் எட்டுச் சக்கர வண்டியை இறக்கியிருந்தார்கள். ஆளில்லாத வண்டி, பூமியிலிருந்தே ஓட்டினார்கள். நிலவில் பகல் இரண்டு கிழமை, இரவு இரண்டு கிழமை. இரவு வரும்போது அது தன் மூடியைச் சாத்திக்கொண்டு குளிரில் கிடக்கும். சூரியன் வந்ததும் மூடியைத் திறந்து வெயில் குடித்து மறுபடி உருளும். மூன்று மாதம் ஓடினால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். அக்காவின் கணவரிடம் நல்ல வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. பின்னேரம் வரும் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை கைப்பையைக்கூட வைக்காமல், "தங்கச்சி, எழும்பீற்றுது!" என்பார். எனக்கு அன்று முழுவதும் விரல்கள் தட்டச்சில் துள்ளும். வளர்பிறை ஏகாதசியை ஒட்டியே அது விழிப்பதைக் கவனித்து நான் வீட்டில் சொன்னேன். விரதகாரியான அம்மா, "நல்ல வண்டி, நாள் பார்த்துத்தான் எழும்புது" என்று சிரித்தாள்.

மூன்று மாதம் கழிந்தும் வண்டி ஓடியது. கொண்டாடவேண்டும் என்றது அக்காதான். "மனிசருக்குத்தான் பிறந்தநாளோ? சாகாமல் கிடக்கிற ஒண்டுக்கும் ஒரு கேக் வெட்டுவம்" என்றார். அறிவித்தலை அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்டென்சிலில் அடித்தேன். 'மூன்று மாதம் என்று அனுப்பினார்கள். இன்னும் ஓடுகிறது. மதிய இடைவேளையில் எல்லோரும் வருக.' கீழே, அடித்தவர் பெயர் போடும் பழக்கதோஷத்தில், என் பெயரின் முதலெழுத்துகள். பதினெட்டுப் பேர் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் கணக்காளர், நாங்கள் 'நானா' என்றழைப்பவர், இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். அக்கா வானொலியில் கேட்டதையெல்லாம் சொன்னார், நான் கரும்பலகையில் வண்டியை வரைந்து காட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த மாதம் தெற்கில் இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. நாடெங்கும் ஊரடங்கு. கிளர்ச்சிக்கு ஆள் சேர்க்க இரகசிய வகுப்பு வைத்தார்கள் என்று ஊரூராகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு பேர் கூடிக் கதைத்தாலே அது வகுப்பு என்றிருந்த காலம். எங்கள் கந்தோரைப் பற்றி யாரோ மொட்டைக் கடிதம் போட, விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மேசைமேல் என் அறிவித்தல் கிடந்தது. அதன் பக்கத்தில் அக்காவின் வாக்குமூலம். அதிகாரி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டத்தைக் கூட்டியது நான்; கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பித்தது நான்; கேக் செய்துதரும்படி கேட்டதும் நான். அக்கா ஒன்றும் விளங்காமல், கேட்டதற்காகச் செய்துகொடுத்தாராம்.

அக்கா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். அவர் நிமிர்வார் என்று காத்திருந்தேன். நிமிரவில்லை. "அக்கா, நீங்கள்தானே சொல்லச் சொல்ல நான் அடிச்சனான்?" என்றேன். கைப்பையின் கொளுக்கியைத் திறந்து மூடினார். "எனக்கு ஞாபகம் இல்லை, தங்கச்சி" என்றார். குரலில் நடுக்கம்கூட இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க ஏலாமல் இருக்கிறது. நடுங்கியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊரில் 'பொலிசு தேடின பெட்டை' என்ற பெயர் வந்தது. பேசி முடித்திருந்த இறக்கக்கண்டிச் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஏகாதசி நாட்களில் அம்மா முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்து, "உன்ர வண்டி எழும்பியிருக்குமோ?" என்று கேட்பாள். எங்களிடம் வானொலி இல்லை. "தெரியாதம்மா" என்பேன். ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஆறு மைல் தொலைவிலிருந்த அக்காவிடமிருந்து எனக்கு ஒரு சேதியும் வரவில்லை.

ஒக்டோபரில் ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வண்டி இந்தமுறை எழும்பேல்லை, தங்கச்சி. முடிஞ்சுதெண்டு செய்தியிலை சொல்லிப்போட்டாங்கள். பத்து மாசம் ஓடியிருக்குது" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "ரேடியோ என்ர மனிசன்ரையெண்டு அவரைத்தான் முதலிலை பிடிக்க இருந்தவை. எனக்கு ரெண்டு பிள்ளையள். வேறை என்ன செய்ய?" என்றார்.

நான் அந்தக் காரணத்தை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவருடைய இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்ததும் உண்டு. ஆனால் அன்று என் வாயில் வந்தது வேறு கேள்வி. "ஏப்ரலுக்குப் பிறகு அது எத்தினை தரம் எழும்பினது அக்கா?"

அவர் விரல்மடக்கிப் பார்த்தார். "ஐஞ்சு தரம்."

"அந்த ஐஞ்சிலை ஒண்டுக்காவது வந்து சொல்லியிருக்கலாம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த ஆண்டு விசாரணையில் ஒன்றும் இல்லையென்று என்னைத் திரும்ப எடுத்தார்கள். அதே அறை, பக்கத்துப் பக்கத்து மேசைகள். பத்து வருடம் காபன் தாள் கொடுத்து வாங்கினோம்; மழை, பஸ், சாமான் விலை கதைத்தோம். நிலவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நேரத்தோடே ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் பூமாலையோடு எழுந்து நின்று, என் பக்கம் கைகாட்டி, "இவ்வளவு காலத்திலை இந்தத் தங்கச்சி என்னோடை ஒருநாளும் கோவிச்சதில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே அப்படி நம்பினார் போலிருந்தது. கந்தோர் முழுவதும் கைதட்டியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன்.