வரிசையில் ஓர் இடம்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஆபீஸ் திறந்திருந்தால் கடையும் திறந்திருக்கும். ஆபீசுக்கு லீவு என்றால் கடைக்கும் லீவு. ஆகவே ஊர் உலகத்துக்கெல்லாம் லீவு விட்டால்தான் எனக்கும் லீவு. நான் போன இடங்களையெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். கடலைக்கூட ஆட்களின் தலைகளுக்கு நடுவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தக் கடை வேலை எனக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. பத்தாவது படிக்கும்போதே, விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லாமல் உட்கார்ந்திருப்பேன். கடையில் பேப்பரைக் கொடுத்து எத்தனை காப்பி என்று சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பேன். இடையில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

போன காணும் பொங்கலன்று நாங்கள் மூன்று பேர் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். நான், என் மனைவி, காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள். காணும் பொங்கலன்று வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். பக்கத்து வீட்டு அம்மா, "கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே" என்றார்.

"நம்ம ஊர்ல பாக்காத கூட்டமாக்கா?" என்று என் மனைவி சிரித்தாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். திருவண்ணாமலையில் பிறந்தவனுக்குக் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பெண்ணுக்காகப் போகிறோம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். மகளிடமும் அதையே சொன்னோம்.

"நான் எப்ப கேட்டேன்?" என்றாள் மகள்.

"போன வருஷம் கேட்டியே, மறந்துட்டியா?" என்று என் மனைவி ஒரே போடாகப் போட்டாள்.

உண்மையில் கேட்டது என் மனைவிதான். இரண்டு வருஷம் முன்பு ஒரு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டு கடைக்கு வந்திருந்தாள். நான் சாப்பிடும்வரை என் போனை வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரோலர் கோஸ்டரில் போகிறவர்கள் தலைகீழாகக் கத்துகிற வீடியோ. "இதுல ஒரு தபா ஏறணுங்க" என்றாள். சொன்ன உடனே தனக்கே கூச்சம் வந்தவள்போல டப்பாவை மூடி, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். தனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒன்றைத்தான். அவள் மறுபடி சொல்லவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

காணும் பொங்கலன்று காலை வீட்டில் பை அடுக்கும்போது, புளிசாத டப்பாவுக்கு அடியில் மகளுடைய பழைய சுடிதார் ஒன்று மடித்திருந்ததைப் பார்த்தேன். "அவ நனைஞ்சிட்டா மாத்திக்க" என்றாள் என் மனைவி, நான் கேட்காமலேயே.

பத்து மணிக்கு கேட்டுக்குள் நுழைந்தோம். புளிசாதத்தை வெளியிலேயே, ஒரு வேப்பமரத்தடியில் நின்றபடி சாப்பிட்டு முடித்திருந்தோம், சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால். உள்ளே போன உடனே வலது பக்கம் ரோலர் கோஸ்டரின் உயரமான மேடு தெரிந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நேரா அங்க போயிடலாமாங்க?" என்றாள்.

"மொதல்லேருந்து வரிசையா பாத்துக்கினே வரலாம். சுத்தி வந்தா கடைசியில அங்கதான வருவோம்" என்று சொல்லி, நான் இடது பக்கம் திரும்பினேன்.

யோசித்துத் திரும்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் கால்களுக்கு அது பழக்கம். கிரிவலத்தில் மலை வலது கைப்பக்கம் இருக்க, சாலையின் இடது ஓரமாக நடப்போம். யாரும் எதிரே வருவதில்லை. வழியில் இருக்கிற எட்டு லிங்கங்களில் ஒன்றை விட்டுவிட்டு யாரும் அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு சந்நிதியில் கூட்டம் அதிகமா, வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். நின்றால் பின்னால் வருகிறவர்களுக்குத் தொந்தரவு. நடந்தால் கூட்டம் தானாகவே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கோயிலுக்குள் மணிக்கணக்காக வரிசையில் நிற்பதெல்லாம் வெளியூர்க்காரர்கள். நாங்கள் கூட்டமில்லாத ஒரு நாள் பார்த்து உள்ளே போய்விட்டு வந்துவிடுவோம்.

தீம் பார்க்கிலும் அப்படியே நடந்தேன். பெரிய ஊஞ்சல் முன்னால் கூட்டம். "இங்க ஜாஸ்தி, அடுத்தது பாக்கலாம்" என்றேன். படகு சறுக்கில் அதைவிடக் கூட்டம். "அப்புறம் வரலாம்" என்றேன். கிறுகிறுவென்று சுற்றுகிற கிண்ணங்கள், இருட்டுக் குகை, எல்லாவற்றையும் வெளியிலிருந்தே பார்த்தோம். ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம், தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை, எங்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் எல்லா இடத்திலும் நின்றார்கள், எல்லாவற்றிலும் ஏறினார்கள். மத்தியானம் ஒரு மணிவரை நாங்கள் ஏறியது குழந்தைகள் ரயிலில் மட்டும்தான். அதிலும் என் முழங்கால் முகவாயில் இடித்தது.

மகள் நின்றுவிட்டாள். "அப்பா, நாம இன்னா கிரிவலமா வந்துக்கிறோம்?" என்றாள்.

"ஏன்?"

"எதுலயும் ஏறல. வெளியவே பாத்துட்டு பாத்துட்டு நடந்துக்கினே இருக்கோம். கையில சூடம் ஒண்ணுதான் கொறச்சல்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் நிற்கிறவன் இடைஞ்சல். இங்கே நிற்கிறவனுக்குத்தான் முறை வரும். கூட்டம் பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு இடத்தில்கூட நிற்காமல், எதிரே வந்தவர்களை இடித்துக்கொண்டு நேராக ரோலர் கோஸ்டருக்குப் போயிருக்கலாம். ஆனால் மகளுக்குப் பசி. சாப்பாட்டுக்கே ஒரு வரிசை. அதில் நின்று சாப்பிட்டு, கை கழுவ இன்னொரு வரிசையில் நின்று, நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால்.

வாசலில் இரண்டு போர்டு இருந்தது. ஒன்றில், வரிசை நாலரை மணிக்கு மூடப்படும் என்று இருந்தது. இன்னொன்றில், சேலை, வேட்டி, லுங்கி, துப்பட்டாவோடு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று இருந்தது. என் மனைவி இரண்டாவது போர்டை நிதானமாகப் படித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

"இதுல யாருப்பா ஏறப் போறா? நீயா?" என்றாள் மகள்.

"நில்லு, பாக்கலாம்" என்றேன்.

அந்த நாளில் எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது அந்த வரிசைதான். நடந்துகொண்டே இருந்தவரை யாரையும் சரியாகப் பார்க்கவில்லை. நின்ற பிறகுதான் பக்கத்தில் இருப்பவர்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள். எங்களுக்கு முன்னால் நாலைந்து காலேஜ் பையன்கள், யார் முதலில் அழுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு அம்மா, உள்ளே கடையில் வாங்கிய கமலா ஆரஞ்சை உரித்து, தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே எங்களுக்கும் இரண்டு சுளை நீட்டினார். தலைக்கு மேலே வண்டி போகும்போதெல்லாம் எல்லாரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தோம். பையன்களில் ஒருவன், "எந்த ஊருண்ணே?" என்றான். சொன்னேன். "அப்ப உங்களுக்கு கூட்டமெல்லாம் சாதாரணம்ணே" என்றான். தலையாட்டினேன். மகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலேகால் ஆனது. மனைவியைக் காணோம். பெண்கள் பாத்ரூமிலும் வரிசை இருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாலரைக்கு யூனிபார்ம் போட்ட ஒரு பெண் வந்து, ஆரஞ்சு அம்மாவுக்குப் பின்னால் ஏழெட்டு பேர் தள்ளி ஒரு கயிற்றைக் கட்டினார். "இதோட க்ளோஸ் சார். யாரும் நிக்காதீங்க" என்றார்.

அதற்கு இரண்டு நிமிஷம் கழித்துத்தான் என் மனைவி வந்தாள். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. மகளுடைய பச்சை நிறச் சுடிதார். தோளில் கொஞ்சம் இறுக்கம். துப்பட்டா இல்லாததால் இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்தாள்.

"ஐயோ அம்மா!" என்று மகள் கத்தினாள். "அது என்னோடது!"

கயிற்றுக்குப் பக்கத்தில் யூனிபார்ம் பெண் அவளை நிறுத்தினார். "மேடம், லைன் க்ளோஸ் ஆயிடுச்சு."

"எங்க வீட்டுக்காரர் அங்க முன்னாடி நிக்கிறாரு."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க மேடம். நான் இன்னா பண்றது?"

என் மனைவி ஒரு நொடி நின்றாள். மேலே அந்த மேட்டைப் பார்த்தாள். "சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அந்தப் பரவால்லயை நான் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டு நானும் சும்மா இருந்திருக்கிறேன். அன்று முடியவில்லை.

"மேடம்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் வெளிய வந்துர்றேன். என் எடத்துல அவங்கள விடுங்க. அவங்களுக்குத்தான் இதுல ஏறணும். அவங்களுக்காகத்தான் நாங்க இங்க வந்ததே. நான்தான் காலையிலேருந்து தப்பா சுத்திக் காட்டிட்டேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதுவரை சூடேறியது. "அண்ணே, மைக் வேணுமா?" என்று பையன்களில் ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவனே, "விடுங்க மேடம். ஒருத்தர் வெளிய போறாரு, ஒருத்தர் உள்ள வராங்க. ஆளு ஒண்ணும் கூடலையே" என்றான்.

யூனிபார்ம் பெண் யோசித்தார். "பின்னாடி நிக்கிறவங்க சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

"வரட்டும்மா" என்றார் ஆரஞ்சு அம்மா. "பாவம், டிரெஸ்ஸெல்லாம் மாத்திக்கினு வந்துக்குது."

நான் கயிற்றுக்கு வெளியே வந்தேன். என் மனைவி உள்ளே போனாள். பையை என் கையில் கொடுக்கும்போது, முகமெல்லாம் சிவந்து, "ஏங்க, இப்படியா ஊரைக் கூட்டுவீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மகள் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் கேட்டேன்னு சொன்னது?"

"சும்மா வாடி" என்றாள் என் மனைவி.

கம்பிக்கு வெளியே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் என் மனைவி தலை குனிந்தே நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு அம்மா ஏதோ கேட்க, இவள் பதில் சொன்னாள். அப்புறம் பையன்கள் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். கட்டியிருந்த கைகள் எப்போது பிரிந்தன என்று நான் கவனிக்கவில்லை. அவள் எங்கே போனாலும் நான் பக்கத்திலோ முன்னாலோ இருந்திருக்கிறேன். நான் இல்லாத ஒரு கூட்டத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் ஏறியதைப் பார்க்க முடியவில்லை. வண்டி மேலே போனபோது எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாருக்கும் சேர்த்துக் கையை ஆட்டினேன். அடுத்த வண்டிக்கும் ஆட்டினேன். பிறகு ஏறின வாசலிலேயே காத்திருந்தேன். இறங்குகிற வழி பின்பக்கம் என்று மகள் போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஓடிப் போனேன். இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியின் கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் கிடந்தது. மகள் அவளுடைய ஒரு கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

"எப்படி இருந்துது?" என்றேன்.

"வயித்துல இருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துடுச்சி" என்றாள். "கண்ண மூடிக்கினேன். இவதான் தொறம்மா தொறம்மான்னு கத்தினா. தொறந்துட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காலையில நீ சொன்னப்பவே நேரா வந்திருக்கணும். மூணு பேரும் ஏறியிருக்கலாம்" என்றேன். இதைச் சொல்வதற்கு, அந்த யூனிபார்ம் பெண்ணிடம் கத்தியதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் முடியை ஒதுக்கிக்கொண்டாள். "காலையில வந்திருந்தா நான் ஏறியிருக்க மாட்டேங்க" என்றாள். "போர்டைப் பாத்துட்டு அப்படியே திரும்பியிருப்பேன். பையில துணி இருக்குன்னுகூட சொல்லியிருக்க மாட்டேன். நாள் பூரா பாத்தேன். கத்திக்கினே போறாங்க, சிரிச்சிக்கினே எறங்கறாங்க. பாத்துப் பாத்துதான் தைரியம் வந்துது."

அது உண்மையா, என் தப்பைக் குறைத்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"சரி, அடுத்தது இன்னா ஏறணும் உனக்கு?" என்றாள் மகள். "இப்பவே சொல்லிடு. என் பேரைச் சொல்லாத."

என் மனைவி வாயைத் திறந்தாள். பரவால்ல என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. பார்க்கை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, யோசிக்க ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தோம்.