கடைசிப் பந்தி

கறுப்புத் திராட்சையைக் கிராம்பும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்தால் எழுகிற வாசனை இன்றைக்கும் எங்கிருந்தாவது வந்துவிட்டால் எனக்கு முதலில் நாக்கில் நீர் ஊறும், அடுத்த நொடியே எரிச்சல் வரும். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை முழுவதும் அந்த வாசனைதான் நிறைந்திருக்கும். மறுநாள் ஆலயத்தில் நடக்கும் திருவிருந்துக்கான ரசத்தை, எங்கள் சபையின் மூப்பரான ஜீவரத்தினத்தின் மனைவி தம் வீட்டு அடுப்பில் தாமே காய்ச்சுவார். 'கர்த்தருடைய பாத்திரத்துல ஊத்தறது, கண்டவங்க கை படலாமா' என்று சொல்லி வேறு யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார். கண்டவர்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்குப் பத்து வயதில் தெரியாது, பதினான்கு வயதில் நன்றாகத் தெரியும்.

அந்த ஊரில் நாங்கள் மிகச் சிலர். மலையையே சாமியாகக் கும்பிடுகிற ஊர் அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூட்டமாக ஜனம் வந்து மலையைச் சுற்றும், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பௌர்ணமியும் ஞாயிறும் சேர்ந்து வந்துவிட்டால் நாங்கள் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து ஆலயத்துக்குப் போவோம். இதை எங்கள் ஆட்கள் பெரிய வீரச்செயல் என்று மனதார நம்பினார்கள். சிங்கங்களுக்கு நடுவே போடப்பட்ட தீர்க்கதரிசியைப் போல நாமும் இங்கே ஆண்டவருக்காகத் தனித்து நிற்கிறோம் என்று வருடத்துக்கு நான்கு பிரசங்கமாவது நடக்கும், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சிங்கத்தையும் காணவில்லை. பக்கத்து வீட்டார் தீபத்தன்று எங்களுக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்பினார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்த கேக்கை 'முட்டை போட்டதுங்களா' என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்களைக் கடிக்க அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை.

திருவிருந்து எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பீடத்துக்கு முன்னால் இருந்த மரத்தடுப்பருகே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் போய் முழங்காலிடுவோம். அந்தப் பன்னிரண்டு பேருக்கு ஒரு 'பந்தி' என்று பெயர். போதகர் ஒவ்வொருவர் கையிலும் அப்பத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டே போவார், பிறகு ஒரே வெள்ளிக் கிண்ணத்தை வாய்க்கு வாய் சாய்த்து, நடுநடுவே ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டு வருவார். முதல் ஐந்து பந்தியும் எங்களைப் போன்ற ஊர்க்குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும் சாதியை மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள். கடைசிப் பந்தி 'காலனி' ஆட்களுக்கு, அதாவது எங்கள் மாதிரி ஆட்கள் ஊருக்கு வெளியே தள்ளி வைத்திருந்தவர்களுக்கு. அவர்கள் வாய் வைத்த கிண்ணத்தில் அப்புறம் யாரும் வாய் வைக்க வேண்டியதில்லை பாருங்கள், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் 'சபை ஒழுங்கு' என்றார்கள்.

எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது காலனியில் வாக்கப்பட்ட எஸ்தர் என்ற பெண், புருஷன் வேலை பார்த்த ஊரில் சில மாதம் இருந்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தாள். அவள் பிறந்த ஊர்ச் சபையில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் போவார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு. வந்த முதல் திருவிருந்திலேயே, போதகர் அழைத்ததும் அவள் எழுந்து நேரே போய் முதல் பந்தியில், மூப்பரின் மனைவிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு தடுப்பைப் பிடித்து மெல்ல இறங்கி முட்டியிட அவளுக்குச் சிறிது நேரம் ஆனது, அந்த நேரம் முழுவதும் மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. மூப்பர் ஜீவரத்தினம் போய்க் குனிந்து, மிக மரியாதையாக, 'பந்தி மாறிட்டம்மா, எழுந்திரு, உங்க பந்தி அப்புறம்' என்றார். அவளுக்குப் புரியவில்லை. 'எதுக்குங்கய்யா' என்று கேட்டாள். அவர் கையைப் பின்பக்கம் காட்டினார். போதகர் அப்பத் தட்டோடு நின்றுகொண்டு தட்டையே பார்த்தார். எஸ்தர் மறுபடி தடுப்பைப் பிடித்து எழுந்து, எல்லோர் கண்ணும் முதுகில் விழக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள்.

என் அம்மாவும் அன்று அந்த முதல் பந்தியில் முழங்காலிட்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கு வந்ததும் எஸ்தருக்கு வயிற்றைப் பார்த்தவள் அவள்தான். அம்மா எழுந்தாள். அப்பம் வாங்காமல், யாரையும் பார்க்காமல், எஸ்தருக்குப் பின்னாலேயே நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து பந்தியும் முடிந்து கடைசிப் பந்தியில் எஸ்தரின் கைப்பிடித்து அழைத்துப் போய், எஸ்தர் குடித்த பிறகு அதே கிண்ணத்தில் குடித்தாள். அந்த நாளிலிருந்து அம்மா வேறெந்தப் பந்திக்கும் போகவில்லை.

சண்டை போட்டிருந்தால் சபைக்கு வசதியாக இருந்திருக்கும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, மனு எழுதவில்லை, மாதத்துக்கு ஒரு தரம் கடைசியில் போனாள், அவ்வளவுதான். மாதர் சங்கச் செயலாளர் பதவி ஓசையில்லாமல் வேறொருவருக்குப் போனது. கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். என் அக்காவுக்குப் பேசி முடித்திருந்த வேலூர்ச் சம்பந்தம், 'யோசிச்சிச் சொல்றோம்' என்று போனவர்கள் யோசித்துக்கொண்டே இருந்ததில் முறிந்தது. அக்கா இரண்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை.

என் அப்பா செய்ததைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. சாது மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் மூப்பரிடம் போய், 'அவளுக்கு முட்டி வலிங்க, கூட்டத்தோட முட்டி போட முடியல, அதான் கடைசில போறா' என்று சொல்லிவிட்டு வந்தார். சபை அந்தப் பொய்யைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. முதல் பந்தியில் வலித்து ஆறாவது பந்தியில் குணமாகிவிடுகிற அந்த முட்டியை யாரும் சந்தேகப்படவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் தைலம் சொல்வார், ஒருவர் செங்கத்தில் எலும்பு வைத்தியர் இருக்கிறார் என்பார், மூப்பரின் மனைவி 'வலி ஜாஸ்தியா, கம்மியா இருக்குதா' என்று உருகிக் கேட்பார். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: 'முட்டி நல்லாத்தாங்க இருக்குது.' அவர்கள் சிரித்துக்கொண்டே, பாவம், வலியை வெளியில் காட்டிக்கொள்ளாதவள் என்று பேசிக்கொண்டு போவார்கள். ஒருத்தி ஆண்டவருக்கு உண்மையாக இருப்பதைக் காட்டிலும் அவளுக்கு மூட்டுவாதம் இருப்பது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது.

நான் மட்டும் என்ன. எனக்குப் பதினைந்தாவது வயதில் திடப்படுத்தல் நடந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகத் திருவிருந்தில் சேர முடியும். புதிதாகத் திடம் பெறுகிறவர்கள் முதல் பந்தியில், ஒருபுறம் அப்பாவும் மறுபுறம் அம்மாவுமாக முழங்காலிடுவது வழக்கம். அன்று காலையில் எனக்கு ஜடை பின்னும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: 'உனக்கு எங்க போகணுமோ போ கண்ணு. நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியும்.' அவள் என்னைத் திட்டியிருந்தாலோ கெஞ்சியிருந்தாலோ நான் தப்பித்திருப்பேன், அவளைக் கோபித்துக்கொண்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

எல்லோரும் விலகிப் போனாலும், தனியே நின்றாலும், ஆண்டவருக்கு உண்மையாக இருப்பாயா என்று போதகர் எங்கள் ஏழு பேரையும் கேட்டார். நாங்கள் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த பதில் அது. 'இருப்பேன், தேவன் எனக்கு உதவி செய்வாராக' என்று நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன், அதற்காகப் பிறகு பாராட்டும் வாங்கினேன். சொல்லிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, பந்திக்கு அழைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் எஸ்தரின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைக் கூப்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அந்த ஆலயம் அப்படியொன்றும் நீளமானதில்லை, முப்பது அடி நடந்திருந்தால் போதும். புது வெள்ளைத் தாவணியும் தலையில் முக்காடுமாக இருந்த எனக்கு அந்த முப்பது அடி நடக்க வெட்கமாக இருந்தது. நான் முன்னால் போனேன். அப்பா ஒருபுறம் முழங்காலிட்டார். மறுபுறம் காலியாக இருந்ததைப் பார்த்து மூப்பரின் மனைவி எழுந்து வந்து, 'நான் இருக்கேம்மா' என்று அம்மாவின் இடத்தில் முழங்காலிட்டார். நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். ரசம் மிகவும் தித்திப்பாக இருந்தது.

மூப்பரும் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை. நான் ஊரையொட்டிய வேங்கிக்காலில் அரசு அலுவலகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே வீடு கட்டி, ஞாயிறுதோறும் அதே ஆலயத்துக்கு அம்மாவைக் காரில் அழைத்துப் போகிறேன். திராட்சையை இப்போது யாரும் காய்ச்சுவதில்லை, பாட்டிலில் வருகிறது. கொரோனா வந்த பிறகு வெள்ளிக் கிண்ணத்தையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, பெஞ்சுக்குப் பெஞ்சு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவரவர் வாய்க்கு அவரவர் கோப்பை. அம்மா இத்தனை வருடம் உட்கார்ந்தும் அசைக்க முடியாத வழக்கத்தை, யாரும் மனம் திரும்பாமல், ஒருவரும் ஒரு மன்னிப்பும் கேட்காமல், ஒரு கிருமி வந்து முடித்து வைத்துவிட்டது. 'எங்க சபையில எந்த பேதமும் கிடையாது' என்று இப்போதைய மூப்பர் மைக்கில் பெருமையாகச் சொல்கிறார். உண்மைதான், பேதம் பார்க்க ஆள் இல்லை. காலனிக்காரர்கள் என்றைக்கோ எங்களை உதறிவிட்டுப் போய்த் தங்கள் தெருவிலேயே தகரக் கூரை போட்டு ஓர் ஆலயம் கட்டிக்கொண்டார்கள்.

எழுபத்தைந்து தாண்டிய அம்மா மட்டும் இன்னும் அந்தக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர்களுக்கு முதலில் என்று இளைஞர்கள் தட்டை நீட்டினால், 'எல்லாருக்கும் குடுத்துட்டு வாப்பா' என்று அனுப்பிவிடுகிறாள். போன மாதம் ஆராதனை தொடங்குமுன் அவள் பெஞ்சருகே நின்று நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், எஸ்தர் வருஷா வருஷம் வந்து கூப்பிடுகிறாளே, அங்கேயாவது போய்விடலாமே, இங்கே யாருக்காக இந்தக் காத்திருப்பு என்று.

'அங்க போனா என்னைக் கையைப் புடிச்சி மொதப் பந்தியில உக்கார வெச்சிடுவாங்க கண்ணு' என்றாள் அம்மா. 'எஸ்தரை எழுப்பி அனுப்பினது இந்த இடத்துலதான். இங்க ஒருத்தராவது உக்காந்து இருக்கணும்.'

நான் முன்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். தட்டு என் பெஞ்சுக்கு வந்தது. நான் என் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டேன்.